பிஷப்பின் ஊரில் ஒரு லாரி டிரைவர்

பார்க்க ஆளில்லாத பொருள் இருக்கிறதா, இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஜார்ஜ் பெர்க்லியைத் தேடித்தான் க்ளாய்னுக்குப் போனேன். புத்தகங்கள் வழியாகத்தான், விமானச் செலவுக்கெல்லாம் நமக்கு வசதி போதாது. அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் இருக்கும் சிற்றூர் அது. 1734 முதல் அங்கே பிஷப்பாக இருந்தவர் பெர்க்லி. தாரைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் குடித்தால் சகல நோயும் ஓடிவிடும் என்று ஒரு புத்தகமே எழுதிய மனிதர். தேவாலயத்துக்குள் அவர் சிலையாகப் படுத்திருக்கிறார். ஊருக்குள் கையில் மட்டையோடு நிமிர்ந்து நிற்பதோ வேறொருவர்: கிறிஸ்டி ரிங். ஷெல் எண்ணெய் கம்பெனியில் டேங்கர் லாரி ஓட்டியவர். அத்தோடு பெர்க்லியை மூடி வைத்தேன்.

ரிங் ஆடியது ஹர்லிங். பக்கத்துக்குப் பதினைந்து பேர், கையில் ஆளுக்கொரு மட்டை. அந்த மட்டையிலேயே ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டேன். ஆஷ் மரத்தின் அடித்தூரில், வேர் வளையத் தொடங்கும் இடத்தில்தான் அதை வெட்டுகிறார்கள். மரத்தின் ரேகை மட்டையின் வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும். இல்லையென்றால் இரண்டு மட்டைகள் மோதும்போது பிளந்துபோகும். இந்த மோதல்களுக்கு நடுவே ரிங் கால் நூற்றாண்டு ஆடினார். தலைக்கவசம் எல்லாருக்கும் கட்டாயமானது 2010இல்தான்.

1939இல் கார்க் அணிக்கு வந்தவர், நாற்பதைத் தாண்டியும் ஆடினார். அகில அயர்லாந்துப் பட்டம் எட்டு முறை. மன்ஸ்டர் மாகாணத்துக்காக வென்ற ரயில்வே கோப்பைப் பதக்கங்கள் 18. இத்தனைக்கும் சம்பளம் ஒரு காசு கிடையாது. ஹர்லிங்கை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தொடங்கியதிலிருந்து ஆட்டக்காரர்களுக்குக் கூலி கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை டப்ளின் க்ரோக் பார்க்கில் எண்பதாயிரம் பேர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். திங்கட்கிழமை எண்ணெய் கொண்டுபோக வேண்டும். ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இது வேற்றுக் கிரகத்துச் செய்தி மாதிரி இருக்கிறது.

எட்டுப் பட்டங்களைவிட, கிடைக்காத ஒன்பதாவதுதான் என்னை விடவில்லை. 1956. கார்க்கில் போலியோ பரவியதால் இறுதியாட்டம் செப்டம்பர் 23க்குத் தள்ளிப்போயிருந்தது. எதிரே வெக்ஸ்ஃபர்ட். இரண்டு வருடம் முன்பு கார்க்கிடம் இறுதியாட்டத்தில் தோற்ற அதே அணி. ரிங்குக்கு வயது 35. முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது வெக்ஸ்ஃபர்ட் இரண்டு புள்ளி முன்னிலை. கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. ரிங்கிடம் பந்து வருகிறது. அவர் வலையைக் குறிவைத்து அடிக்கிறார். கோல்கீப்பர் ஆர்ட் ஃபோலி தடுத்துவிடுகிறார். ரிங் நேரே போய் ஃபோலியின் கையைக் குலுக்குகிறார். ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பதை நினைவில் வையுங்கள்! பந்து மறுமுனைக்குப் போய், நிக்கி ராக்கர்ட் கோல் அடித்து, கார்க்கின் கதை முடிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை சினிமாவில் வைத்திருந்தால் ‘ஓவர்’ என்று சொல்லியிருப்பேன். ஜெயித்த அணியின் பாபி ராக்கர்டும் நிக் ஓ’டானலும் தோற்ற ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தார்கள். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள், அன்று முழுக்க ரிங்கை அடிக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. ஓ’டானல் 1954 இறுதியாட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்து பாதியில் வெளியேறியவர். பட்டம் வாங்கிய கையோடு இன்னொருவரைச் சுமக்க அவருக்கு எப்படித் தோன்றியதோ.

இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. அயர்லாந்தில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே 1961இன் கடைசி நாளில். அப்போது ரிங்கின் ஆட்டமெல்லாம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மைதானத்துக்குப் போக முடியாதவர்கள் வானொலியில் மைக்கேல் ஓஹேரின் வர்ணனை வழியாகவே அவரைப் ‘பார்த்தார்கள்’. 1964இல் லூயி மார்கஸ் அவரை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தார். ரிங் ஆட்ட நுணுக்கங்களைச் செய்து காட்டுகிறார். காதால் வளர்ந்த புகழுக்குக் கண் சாட்சி வந்து சேர்ந்தது அவ்வளவு தாமதமாகத்தான்.

1979 மார்ச்சில், 58 வயதில், கார்க் நகரத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். க்ளாய்ன் கல்லறையில் இரங்கல் உரை நிகழ்த்தியவர் அவரோடு ஒரே அணியில் ஆடிய ஜாக் லின்ச். அப்போது லின்ச் நாட்டின் பிரதமர். ஒரே அணியிலிருந்து ஒருவர் பிரதமராகவும் ஒருவர் லாரி டிரைவராகவும் போனார்கள். கார்க்கில் யாரைப் பெரியவர் என்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

எட்டுப் பட்டச் சாதனையும் நிற்கவில்லை. கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்ளின் 2014இல் பத்தாவதை வாங்கிவிட்டார். ஆனால் ரிங் காலத்தில் ஒரே ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருடமே போச்சு. தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு தரும் முறை 1997இல்தான் வந்தது. ரிங் கட்சிக்காரர்கள் இந்தக் கணக்கை விடுவார்களா என்ன? நானும் இப்போது அந்தக் கட்சிதான்.