சொன்னது யாரு?

நான் டிராயர் போட்டுத் திரிந்த காலத்தில், சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கத்துக்குச் சேதி அனுப்ப ஒரு பைசா செலவில்லை. பஸ் கண்டக்டரிடம், "அண்ணே, டீக்கடையில சொல்லிடுங்க" என்றால் போதும். கண்டக்டர் டீக்கடைக்காரரிடம், அவர் பால்காரரிடம், பால்காரர் எங்க அத்தையிடம். என்ன ஒண்ணு... பெண் பார்த்துட்டுப் போனவங்க 'யோசிச்சுச் சொல்றோம்' என்றது அத்தைக்கு முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். பால்காரர் வாயில் அது 'வேண்டாம்னுட்டாங்க' என்று மாறியும் விடும்!

இதையே செல்போன்கள் செய்தால் அதற்குப் பெயர் 'மெஷ்'. டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ப்ளூடூத் வழியாக என் போன் பக்கத்து வீட்டுப் போனுக்குச் சொல்லும், அது அடுத்த வீட்டுக்கு. (ஊருக்கு ஊர் போகாது சார். நடுவில் இருக்கும் புளிய மரத்திடம் போன் கிடையாதே!)

தேவையா என்கிறீர்களா? ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம். அடி வாங்கியது எங்க தாலுகா. 2024 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை! பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ற வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ராத்திரியில் டவரும் படுத்துவிட்டால் கதி?

ஆனால் நடுவில் நிற்கும் பால்காரர்களை நம்பலாமா?

2019-ல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் 'பிரிட்ஜ்ஃபை' என்ற மெஷ் செயலியை ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். 2020-ல் லண்டன் பக்கத்து ராயல் ஹாலோவே ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். யார் யாருடன் பேசுகிறார் என்று தெரிகிறது. நடுவில் இருப்பவர் படிக்கலாம். இன்னொருவர் பெயரில் அனுப்பலாம். இன்னொரு கூத்து: அமுக்கிச் சுருட்டிய ஒரே ஒரு சேதி. சூட்கேஸில் பத்து மெத்தையைத் திணித்த மாதிரி. திறக்கிற போனெல்லாம் திணறி நின்றுவிடும்! நின்ற போன் அடுத்தவருக்கு எப்படிச் சொல்லும்?

படிப்பதைத் தடுக்கப் பூட்டு இருக்கிறது. அனுப்புகிறவர் பூட்டி, பெறுகிறவர் மட்டும் திறப்பது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்ஜ்ஃபையும் அப்படிப்பட்ட பூட்டுக்கு மாறியது. வெள்ள ராத்திரியில் எனக்கு ரகசியம் பெரிசாகத் தெரியவில்லை. நடுநிசியில் வி.ஏ.ஓ. பெயரில், 'ஏரி உடைஞ்சுடுச்சு, ஓடுங்க' என்று வருகிறதே, அது நிஜமாகவே அவர் சொன்னதா? பொய்யென்றால், இருட்டில் குழந்தை குட்டியோடு ஓடுகிறவர்கள் எந்தப் பள்ளத்தில் விழுவார்களோ!

2025 ஜூலையில் ட்விட்டர் புகழ் ஜாக் டோர்ஸி 'பிட்சாட்' கொண்டு வந்தார். அதிலும் தெரிந்தவர் பெயரில் வேறொருவர் நுழையலாம் என்று சில நாளிலேயே ஓர் ஆய்வாளர் காட்டினார்.

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த உதாரணம், பேங்க் ஸ்பெசிமன் கையெழுத்து. செக் வந்த பிறகா வாங்குவார்கள்? டிஜிட்டல் கையெழுத்தும் அப்படித்தான். போடுவது வி.ஏ.ஓ. ஒருவரால்தான் முடியும், சரிபார்க்கும் சாவி ஊரில் எல்லாப் போனிலும் மழைக்கு முன்பே ஏறியிருக்க வேண்டும். ரேஷன் கடை க்யூவிலேயே ஏற்றிவிடலாம்.

என் கவலையெல்லாம், "சாவி வேணுமா? ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ எடுத்துட்டு நாளைக்கு வா" என்பார்களே என்பதுதான்!