ஊர் மாறினாலும் மருந்து நிக்கக்கூடாது

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா தம்பி ஒருத்தன்.
காசநோய்.
மாத்திரை போட ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடுச்சு.

"சரியாயிடுச்சுண்ணா, ஊருக்குப் போறேன்"ங்கிறான்.

பதறிடுச்சு எனக்கு.

சாதாரணக் காசநோய்க்கே 6 மாசம் மருந்து சாப்பிடணும்.
பாதியில விட்டா, கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிடலாம்.

காசநோயாளிகளுக்கு அரசு குடுக்குற நிக்ஷய் எண் அவன்கிட்ட இருக்கு.
அதை வெச்சு ஒடிசாவுலயும் அரசு ஆஸ்பத்திரியில இலவசமா சிகிச்சையைத் தொடரலாம்.
சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபாயும் உண்டு.

இதையெல்லாம் அவனுக்குப் புரியிற மொழியில யாருமே சொல்லல.

அவனை மாதிரி வேலைக்கு வந்த பிள்ளைங்க ஒரே ரூம்ல நெருக்கியடிச்சுப் படுக்குறாங்க.
கூட இருக்கிறவங்களையும் பரிசோதிக்கணும்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமுற வெளியூர்ப் பிள்ளைய சளிப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போக, நம்மள்ல எத்தனை பேர் தயாரா இருக்கோம்?