வாசற்படியில் ஒரு தேர்வு

என் தோழியின் மகள் அமெரிக்காவின் தென்மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறாள். வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு எதிராக இயங்கும் மாணவர் குழுவில் முன்னால் நிற்பவள். முதலாண்டிலேயே ஒரு சொராரிட்டியிலும் சேர்ந்தாள். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு, பெரிய வீடுகளில் மாணவிகள் சேர்ந்து வாழும் சங்கங்கள் இவை. மறு வருடம் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் அவள் நிற்க வேண்டியிருந்தது. "ஆன்ட்டி, நான் உள்ளே வந்தப்ப எதுவும் தெரியலை. இந்தப் பக்கம் நின்னு மார்க் போட்டப்பதான் என்ன செய்யறோம்னு புரிஞ்சுது" என்றாள்.

வகுப்புகள் தொடங்குமுன், ஆகஸ்ட் வெயிலில் அந்தத் தேர்வு நடக்கிறது. ஒவ்வொரு வீட்டின் முன்னும் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கதவு திறந்ததும் உள்ளிருப்பவர்கள் வாசலை அடைத்து நின்று கைதட்டிப் பாடுகிறார்கள். பிறகு ஒருத்தி வந்து அழைத்துப் போய்ச் சில நிமிடம் பேசுவாள். அவள் நகர, இன்னொருத்தி அந்த இடத்துக்கு வருவாள். அடுத்த வீடு, அடுத்த புன்னகை. பார்த்த வீடுகளை வந்த பெண்கள் வரிசைப்படுத்துகிறார்கள். வந்த பெண்களை வீட்டுக்காரர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டு பட்டியலையும் கணினி பொருத்துகிறது. நாளுக்கு நாள் அழைக்கும் வீடுகள் குறையும். எந்த வீடும் அழைக்காத பெண்ணுக்குக் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும், அவ்வளவுதான். அலபாமா பல்கலைக்கழகத்தில் மட்டும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வரிசையில் நிற்கிறார்கள்.

சில நிமிடப் பேச்சில் ஒரு பெண்ணின் எதை அளக்க முடியும்? உடை, தலைமுடி, உடல்வாகு, உச்சரிப்பு, யார் வீட்டுப் பெண் என்பது. அம்மாவோ பாட்டியோ அதே சங்கத்தில் இருந்திருந்தால் வெகுகாலம் முன்னுரிமை இருந்தது. பல சங்கங்கள் அதை அண்மையில்தான் கைவிட்டன. குடியேறி வந்தவர்களின் மகளுக்கு அப்படி ஒரு பாட்டி எங்கிருந்து கிடைப்பாள்? அறிவு, துணிச்சல், பிறருக்காக நிற்கும் குணம் என்று பெண்ணியம் மதிக்கச் சொல்லும் எதுவும் அந்த நேரத்துக்குள் அகப்படாது. ஆண்களின் கண் எதை அளந்து வந்ததோ, அதையே இங்கே பெண்கள் பெண்களிடம் அளக்கிறார்கள். எனக்கு அதிகம் வலிப்பது அதுதான்.

அதற்காக இந்த வீடுகளையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இண்டியானாவில் கிரீன்காசில் என்ற சிற்றூர்; இன்று டிபாவ் பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரி 1867-இல் அங்கே பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது. அப்படி வந்தவர்களில் ஒருத்தி பெட்டி லாக். ஆண்கள் சங்கம் ஒன்று தன் சின்னத்தை அவள் அணிந்துகொள்ளலாம், ஆனால் உறுப்பினர் ஆக முடியாது என்றதாம். அவள் 1870 ஜனவரியில் இன்னும் மூன்று பெண்களோடு கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினாள். ஏளனமும் எதிர்ப்புமாக இருந்த வகுப்பறைகளில் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பதற்கான ஏற்பாடு அது. 1913-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 22 கறுப்பின மாணவிகள் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டாவின் முதல் பொதுச்செயல், அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைக்காக நடந்த ஊர்வலத்தில் பங்கேற்றதுதான்.

அதே கிரீன்காசிலில் 2006 இறுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டெல்டா சீட்டா சங்கத்தின் கிளையில் 35 பேர் இருந்தார்கள். வீட்டில் கட்டில்கள் காலி, புதியவர்கள் சேரவில்லை. தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக நேர்காணல் செய்தார்கள். பருவத் தேர்வு நெருங்கும் வேளையில் 23 பேருக்கு வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. பருமனான பெண்கள் அத்தனை பேரும், அங்கிருந்த ஒரே கறுப்பினப் பெண்ணும், ஒரே கொரியப் பெண்ணும், ஒரே வியட்நாமியப் பெண்ணும் அந்த 23-க்குள் இருந்தார்கள் என்று 2007 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆள்சேர்ப்பில் ஈடுபாடு காட்டாதவர்களைத்தான் நீக்கினோம், தோற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது தலைமை. பல்கலைக்கழகம் அந்தச் சங்கத்தோடு உறவை முறித்துக்கொண்டது. இருக்கலாம் என்று சொல்லப்பட்ட 12 பேரில் 6 பேர் தாங்களாகவே வெளியேறினார்கள். அந்த ஆறு பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெட்டி லாக் நினைவுக்கு வருகிறாள்.

அலபாமாவில் 2013-இல் நடந்தது இன்னும் வெளிப்படையானது. நல்ல மதிப்பெண் பெற்ற கறுப்பினப் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள உள்ளிருந்த மாணவிகளில் பலர் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள் என்று மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தியது. உறுப்பினர்களே பெயர் சொல்லிப் பேசினார்கள். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சேர்க்கையை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. இளம் பெண்களின் மனசாட்சி விழித்திருந்தது. அவர்களுக்கு மேலிருந்த அமைப்புதான் அதைத் தூங்கச் சொன்னது.

வாசலில் இத்தனை கண்டிப்பு ஏன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசிய சொராரிட்டிகள் தங்கள் வீடுகளில் மது விருந்து நடத்த அனுமதிப்பதில்லை. ஆண்களின் ஃப்ரெட்டர்னிட்டி வீடுகளில் நடக்கும். ஆக, இடமும் கோப்பையும் ஆண்கள் கையில். யாரை உள்ளே விடுவது, யாருக்கு என்ன ஊற்றுவது என்பதும் அவர்கள் முடிவு. எந்த வீட்டுப் பெண்களை அவர்கள் விருந்துக்கு அழைக்கிறார்களோ அந்த வீடு உயர்ந்தது என்றாகிறது. அந்த உயரத்தைக் காப்பதற்காகத்தான் ஆகஸ்டில் அந்த மதிப்பெண்கள். 2015 ஜனவரியில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஆண்கள் சங்கங்களின் கொண்டாட்ட இரவுக்குப் போகக்கூடாது என்று தலைமையகங்கள் தங்கள் பெண்களுக்கு உத்தரவு போட்டன. பாதுகாப்புக்காகவாம். மாணவிகள் கொதித்தார்கள். ஆபத்து ஆண்கள் வீட்டில் இருக்க, அடைபடுவது மட்டும் ஏன் பெண்கள் வீடு?

தோழியின் மகளிடம் இதையெல்லாம் பேசினேன். அவள் மறுக்கவில்லை. ஆனால் போன குளிர்காலத்தில் அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது இரவு முழுக்க மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். "அவங்களை எனக்குப் பிடிக்கும், ஆன்ட்டி. அவங்க என்னை எப்படித் தேர்ந்தெடுத்தாங்கங்கறதுதான் பிடிக்கலை" என்றாள். இதில் பாசாங்கு எதுவும் இல்லை. அந்த அன்பு நிஜம். அதற்குத் தகுதியான எத்தனை பேர் வாசலிலேயே நின்றுபோனார்கள் என்பதும் நிஜம்.

வேறு விதமாகவும் செய்ய முடியும். டார்ட்மவுத் கல்லூரி 1972-இல்தான் பெண்களைச் சேர்த்தது. அங்கே 1977-இல் தொடங்கிய முதல் சொராரிட்டி, 1988-இல் தேசியத் தலைமையிலிருந்து விலகித் தனியாக நின்றது. சிக்மா டெல்டா என்று பெயர். தன் வீட்டில் விருந்தைத் தானே நடத்துகிறது; கதவருகில் நிற்பதும் ஊற்றுவதும் பெண்கள். அந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவிகள் சேர முடியாது. இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அங்கும் தேர்வு உண்டு, நிராகரிப்பும் உண்டு. ஆனால் ஒரு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படித்தவளை, ஆய்வகத்திலும் உணவுக்கூடத்திலும் பார்த்துப் பழகியவளைப் பற்றித்தான் அங்கே முடிவெடுக்கிறார்கள். மற்ற வளாகங்களிலும் ஆகஸ்டை விட்டுவிட்டு ஓராண்டு காத்திருக்கலாம். அதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் காலிக் கட்டில்களின் வாடகைக் கணக்குதான். அந்தக் கணக்கை முதலாண்டுப் பெண்களின் தலையில் கட்டக்கூடாது.