ஒரு நொடி முந்தும் குரல்

ஆம்பூரில் சூப்பர் 8 ஃபிலிமில் குரலை மறுபடி ஏற்றித் தரும் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கடைவீதியை ஒட்டிய சந்தில், ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பட்டறையின் மாடியில் அவர் அறை. கீழே தோல் வாடை, மேலே காடி வாடை. அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டால் அசிட்டிக் அமிலம் கசியும். வேலூர் வெயிலில் பல வருஷம் பீரோவில் வெந்த சுருள் வேறெப்படி மணக்கும்?

தெருவே அவரை ‘பாய்’ என்கிறது. ஒருகாலத்தில் டேப்ரெக்கார்டர் மெக்கானிக். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியதும் இப்பகுதி முதலாளிகள் முழுத்தோலுக்கும் ஷூவுக்கும் மாறினார்கள். ஏற்றுமதிக்காக வெளிநாடு போய்வந்தவர்களின் பெட்டியில் கேமராவும் வந்தது என்கிறார்.

வீட்டுப் படங்களுக்கான சூப்பர் 8ஐக் கோடாக் 1965இல் கொண்டுவந்தது. பேசும் சுருள் 1973இல். ஓரத்தில் ஓடும் மெல்லிய பழுப்புக் கோட்டில்தான் ஒலி. பாயிடம் ஓர் இளைஞர் கொண்டுவந்திருந்த கல்யாணச் சுருளில் அது அழிந்துபோயிருந்தது. புரொஜெக்டரில் யாரோ ரெக்கார்ட் பட்டனை அமுக்கிவிட்டார்கள். நல்லவேளை, முன்பே கேசட்டில் பிரதி எடுத்திருந்தார்கள்.

விளக்கின் முன்னால் ஃபிலிம் நின்று நின்று நகர வேண்டும். ஒலித்தலையிலோ வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆகவே ஒலி தன் படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும். நொடிக்கு 18 ஃபிரேம் ஓடினால், சரியாக ஒரு நொடி. வெட்டி ஒட்டியவர்களுக்கு இதுதான் வினை. மாமா வாய்திறக்கும் இடத்தில் கத்தரித்தால், அவருடைய முதல் நொடிப் பேச்சு எறிந்த துண்டோடு குப்பைக்குப் போகும்.

புதிதாகப் பதியும்போது இந்த இடைவெளியைப் புரொஜெக்டரே பார்த்துக்கொள்ளும். தலைவலி வேகம்தான். கேசட் ஒரு பக்கம் இழுக்கும், மோட்டார் ஒரு பக்கம். நூற்றுக்கு ஒன்று பிசகினாலும், 3 நிமிடம் 20 விநாடி ஓடும் 50 அடிச் சுருளின் முடிவில் இரண்டு நொடி விலகிவிடும். கைதட்டல், தம்ளர் வைக்கும் சத்தம் என்று அடையாளம் பிடித்து, கணினியில் ஒலியை நீட்டிச் சுருக்குகிறார். ஒலித்தலையின் சாய்வைத் திருகித் திருகி என்னவோ செய்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது பிடிபடவில்லை.

சுருளை டிஜிட்டலாக்கித் தருவதாக வாங்கும் ஏஜென்டுகளில் சிலர் பழுப்புக் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படத்தை மட்டும் ஸ்கேன் செய்து, மேலே ஏதோ வீணை இசையைப் போட்டு பென்டிரைவில் தள்ளிவிடுகிறார்கள். குடும்பம் காசு கொடுத்தது செத்துப்போன தாத்தாவின் குரலுக்கு! அதே ஆட்கள்தான் சிக்கலான சுருளைப் பாயிடம் அனுப்பி, கூலியில் பெரும்பங்கைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஊரில் வீட்டில் உட்கார்ந்து மேல்தோல் தைக்கும் பெண்களுக்கும் ஜோடிக் கணக்கில்தான் கூலி, கம்பெனிக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு ஆள். கைவேலை எங்கிருந்தாலும் அந்த நடு ஆள் முளைத்துவிடுகிறான்.

பேசும் சுருளின் தயாரிப்பைக் கோடாக் 1997இல் நிறுத்தியது; பாயிடம் வருவதெல்லாம் பழைய சுருள்தான். கல்யாணச் சுருளோடு வந்த அந்த இளைஞரின் இரண்டாவது சுருள் சுருங்கியிருந்ததால், துளைகள் புரொஜெக்டரின் பல்லில் உட்காரவில்லை. பாய் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, என் மெஷின்ல போட்டா கிழிஞ்சிடும். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. கேசட் மட்டும் ஒரிஜினலா கொண்டாங்க, ஏஜென்ட் குடுத்த காப்பி வேணாம்.”