ஈர மணல்

சித்திரை வெயில் மலைப்பாறையில் காய்ந்து, அந்தச் சூட்டோடு ஊருக்குள் இறங்கும் மத்தியான நேரம். திருவண்ணாமலை தேரடி வீதியிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி ஒரு கலர் மீன் கடை. வாசலில் லவ் பேர்ட்ஸ் கூண்டு. உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். மீன் தீனி வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிறு பையனோடு ஒரு குடும்பம், பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள். காத்து நின்றேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடியில் நீலக் கூழாங்கல். அதன்மேல் ஆறு சங்கு நண்டுகள். துறவி நண்டு என்றும் சொல்கிறார்கள். ஓடுகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்றில் சிரிக்கிற முகம். நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை ஓட்டு நண்டு மட்டும் நடமாடியது. மூலைக்கு வரும், காலை ஊன்றி ஏறும், பாதியில் வழுக்கி 'டொக்'கென்று விழும். விழுந்ததும் உள்ளே சுருங்கி, பெரிய இடக் கொடுக்கால் வாசலைச் சாத்திக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்து மீசை வெளியே வரும், பிறகு காம்பு வைத்த கண்கள், பிறகு கால்கள். மறுபடி அதே மூலை. ஒன்பது தடவை எண்ணினேன்.

சிரிக்கிற முகம் வரைந்த ஓடு காலியாகக் கிடந்தது. அதிலிருந்த நண்டு இரண்டு விரற்கடை தள்ளி, வெற்றுடம்போடு. சங்கு நண்டின் பின்னுடம்பு தோல் உரித்த நுங்கு மாதிரி மிருதுவானது. சுருண்டு, சங்கின் உள்திருகைப் பற்றிக்கொண்டு பிழைக்கவே அமைந்தது. ஓடு மாற்றும் சில நொடிகள் தவிர அதை வெளியே காட்டாது. இது காட்டிக்கொண்டு கிடந்தது. கண் மட்டும் அசைந்தது.

"இதுக்கு என்னண்ணா போடணும்?" என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார்.

"ஒரு தொல்லையும் இல்லக்கா. ரெண்டு பருக்கை சோறு போடுங்க, எப்பவாச்சும் தண்ணி தெளிங்க. தொட்டிகூட வேணாம்."

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவருக்குச் சரக்கு கொடுத்தவர் சொன்னதை அப்படியே சொன்னார். மீன் தொட்டிகளைப் பளிச்சென்று வைத்திருக்கிற மனிதர் அவர். கடையில் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

தரையில் நடந்தாலும் சங்கு நண்டுக்கு மூச்சு செவுளில்தான். செவுள் நனைந்தே இருக்க வேண்டும்; சுற்றியிருக்கும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். இந்த வறண்ட காற்றில், விசிறிக்கு அடியில், அது நாளுக்கு நாள் மூச்சுத் திணறுகிறது. சாவதற்கு வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதங்கள். அதனால்தான் ஏன் செத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை.

பெயர்தான் துறவி. கரையில் கூட்டம் கூட்டமாக வாழும். ஒன்று பெரிய ஓட்டுக்குக் குடிபோனால் அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது போகும், வரிசை கட்டி நின்று மாறும். குஞ்சுகள் கடல் நீரில் மிதந்து வளர்பவை; வீட்டிலோ கடையிலோ அவற்றைப் பெருக்குவது மிகக் கடினம். ஆகவே விற்பனைக்கு வரும் நண்டு அநேகமாக எல்லாமே கரையில் பிடித்தது.

அது பிழைக்க வேண்டியதில் பாதிக்குமேல் அந்தக் கடைக்குள்ளேயே இருந்தது. ஒழுகுகிறதென்று சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடித் தொட்டி போதும், மேலே ஒரு மூடி. ஒரு சாண் ஆழத்துக்கு ஈர மணல், ஏனென்றால் சட்டை உரிக்க அது மண்ணுக்குள் புதைந்து வாரக்கணக்கில் கிடக்கும். (அசையவில்லை என்று தோண்டியெடுத்து வீசியவர்கள் உண்டு.) குளோரின் நீக்கும் மருந்து அலமாரியில் இருந்தது, அது கலந்த நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம். கடல்மீன் தொட்டிக்கான உப்பைச் சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைத்து, கரைத்து இன்னொரு கிண்ணம். சமையல் உப்பு ஆகாது. பெயிண்ட் படாத காலிச் சங்குகள், கொஞ்சம் பெரிதாக நாலைந்து. பெயிண்ட் உரிந்தால் அது வயிற்றுக்குள் போகும்.

சட்டமும் நண்டின் பக்கம்தான். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், மனிதன் அல்லாத எந்த உயிரையும் பிராணி என்கிறது. நடமாட இடமில்லாத கூண்டில் அடைப்பதைக் குற்றம் என்கிறது. நண்டுக்கு அதில் விலக்கு இல்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிராணிகளை மதித்த ஊர் இது. இதே ஊரில், ரமணாசிரமத்தில், 1948-இல் இறந்த பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மான், காகம், நாய் இவற்றுக்கும்.

பையன் பச்சை ஓட்டைக் காட்டினான். கடைக்காரர் அதைக் காகித டம்ளரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்தார். குடும்பம் பஸ் நிலையம் பக்கம் நடந்தது. காலி ஓடும் வெற்றுடம்பு நண்டும் டப்பாவில் அப்படியே இருந்தன.

நன்றாக வைத்தால் 30 வருடம் வாழக்கூடிய உயிர் அது. வீட்டில் சங்கு நண்டு வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே அதை விசிறிக்கு அடியிலிருந்து நகர்த்துங்கள். மணலை நனையுங்கள். மூடியைப் போடுங்கள்.