துண்டும் சம்பளச் சீட்டும்

கொழும்பு புறக்கோட்டையிலே, புடைவை மொத்த வியாபார நிலையமொன்றில் வேலைபார்க்கும் இளைஞன் ஒருவன், ஒவ்வொரு மாதமும் பத்தாந் திகதி தன் சம்பளச் சீட்டைப் பெற்றுக்கொள்வான். அதன் அடியில் உள்ள தொகையை மாத்திரம் பார்த்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையினுள் வைத்துக்கொள்வான். அவனுடைய ஊர் அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டம். தந்தை இல்லை, தாய் இன்றும் கொழுந்து பறிக்கிறாள். வீட்டுக்கு அனுப்பவேண்டியதை அனுப்பி, அறை வாடகையையும் சாப்பாட்டுக் கடைப் பாக்கியையும் தீர்த்தபின், இருபதாந் திகதியளவிலே அவன் கை வெறுங்கையாகிவிடும். அடித்தொகைக்கு மேலே இருந்த வரிகளை அவன் வாசித்ததில்லை. வாசிப்பதாற் சம்பளம் கூடப்போவதில்லை என்பது அவனது எண்ணம்.

அவற்றை வாசிக்கவேண்டிய நாளும் வந்தது. தாயின் கண்ணிலே புரை முற்றிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு வேண்டிய வில்லையை வெளியே வாங்கவேண்டியிருந்தது. அவளுடைய தோடு முன்னரே அடகுகடையில் இருந்தது. முதலாளியிடம் முற்பணம் கேட்டான். வியாபாரம் படுத்திருக்கிறது, பிறகு பார்ப்போம் என்ற பதிலே கிடைத்தது. அப்பொழுதுதான் கடையின் முதிய கணக்கப்பிள்ளை அவனை அருகழைத்து, “தம்பி, உன்ரை சீட்டை ஒருக்கா விரிச்சுப் பார்” என்றார்.

சீட்டிலே ஊழியர் சேமலாப நிதி என ஒரு வரி இருந்தது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இந்நிதிக்கு, ஊழியரின் உழைப்பிலிருந்து நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படும். தொழில்தருநர் தம் பங்காக 12 வீதம் சேர்த்துச் செலுத்தவேண்டும். 1980 இல் உருவான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 வீதமும் தொழில்தருநரின் பொறுப்பே. தன் பெயரிலே ஒரு சேமிப்பு வளர்கின்றது என்பதை ஐந்து வருடங்கள் வேலை செய்தபின்னரே அவன் அறிந்துகொண்டான். அதிலிருந்து முன்கூட்டியே ஏதும் பெறமுடியுமா என விசாரிக்கச் சென்றான். அதற்கு வேண்டிய சேவைக்காலம் அவனுக்கு இருக்கவில்லை. அதனிலும் கொடிய செய்தி ஒன்று அங்கே காத்திருந்தது: பதினான்கு மாதக் காசு நிதிக்குப் போய்ச் சேரவேயில்லை. சீட்டிலே மாதந்தோறும் கழிக்கப்பட்ட தொகை, முதலாளியின் பெட்டகத்திலேயே தங்கிவிட்டது.

மலையகத் தொழிலாளரின் வரலாற்றிலே இதற்கு முன்னரும் ஒரு சீட்டு இருந்தது. அதன் பெயர் துண்டு. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்த காலத்தில் வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் தலையிலே கடனாக ஏற்றப்பட்டன. கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போவதாயின், இன்ன தொகையைச் செலுத்துவோரிடம் இவர்கள் விடப்படுவர் எனத் தோட்டத்துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் தீராது, கைமாறும். அது எப்படி ஏற்பட்டது, எவ்வளவு வளர்ந்தது என்பது, அதைச் சுமந்தவர்களுக்கு விளங்காத கணக்காகவே இருந்தது. 1921 இற் கொண்டுவரப்பட்ட சட்டம் இம்முறையை ஒழித்தது. துண்டு ஒழிந்தபோதும், கணக்கை அறியாமலே உழைக்கும் நிலை முற்றாக ஒழிந்ததா என்பது கேட்கப்படவேண்டிய கேள்வியாகும்.

முற்பணம் தன்னளவிலே தீயதன்று. தோட்டங்களிலே தீபாவளிக்கு வழங்கப்படும் முற்பணம், பின்னர் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படுகின்றது. பல குடும்பங்கள் பண்டிகையைக் காண்பது அதனாலேயே. வட்டியின்றி, தாங்கக்கூடிய தவணைகளில், எழுத்திலே தெளிவாக வழங்கப்படும் முற்பணம் ஊழியரை அடகுகடையிலிருந்தும் மீட்டர்வட்டிக்காரரிடமிருந்தும் காக்கும். ஆனால் “கடன் இருக்கிறது, ஆகவே நீ போகமுடியாது” என்ற சொல் அதனுடன் சேருமாயின் அது மீண்டும் பழைய துண்டாகிவிடும்.

ஊழியரின் பணநலம் பற்றிப் பேசும் சிலர், அவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்கவேண்டும் என்பர். இருபதாந் திகதியுடன் பணம் முடிந்துபோகும் ஒருவனுக்குச் சிக்கனம் புதிய பாடமன்று. அவனுக்கு வேண்டியவை வேறு: குறித்த நாளிற் சம்பளம், ஒவ்வொரு கழிவுக்கும் விளக்கம், கழித்த பணம் உரிய இடத்தைச் சேர்ந்ததென்ற அத்தாட்சி. பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து வருட சேவையை நிறைவுசெய்தவர் விலகும்போது, மாதச் சம்பளம் பெறுபவராயின் வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகப் பெற உரித்துடையவர் என 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. இதை ஊழியருக்கு எடுத்துச் சொல்வதற்கு முதலாளிக்கு ஒரு சதமும் செலவாகாது.

முதலாளியின் பக்கத்தையும் நோக்குதல் நியாயமாகும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே சிறு வியாபாரிகள் பலர் நிலைகுலைந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. கடையை மூடாதிருக்கவே அப்பணத்தை எடுத்ததாக முதலாளி கணக்கப்பிள்ளையிடம் கூறினாராம். அது பொய்யாக இராது. ஆயினும் அதே விலைவாசியில் வாழ்ந்தவர்களிடமிருந்து, அவர்கள் அறியாமலே பெற்ற கடன் அது. கேட்டிருந்தால் அவர்களிற் சிலர் சம்மதித்திருக்கவுங்கூடும்.

தாயின் கண்ணுக்கு வேண்டிய பணம் ஈற்றிலே முதலாளியிடமிருந்து வரவில்லை. கடை ஊழியர் பன்னிருவர் தமக்குள்ளே பிடித்துவந்த சீட்டிலிருந்து வந்தது. அம்மாதம் எடுக்கவேண்டியவர் தன் முறையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். அச்சீட்டின் கணக்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலே எழுதப்பட்டிருந்தது. யார் கட்டினார், யார் எடுத்தார், யாருடைய முறை அடுத்தது என்பதைப் பன்னிருவரும் எந்நேரமும் விரித்துப் பார்க்கலாம்.

நிலுவையைத் தவணை முறையிற் செலுத்த முதலாளி இணங்கினார். இப்பொழுது பத்தாந் திகதிகளிலே கடையின் பின்னறையில் கணக்கப்பிள்ளை சம்பளச் சீட்டை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறார். இளைஞன் வேறு கடையொன்றில் வேலை கேட்டிருக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். அவனுடைய சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, “போற இடத்திலையும் இதைப் பத்திரமா வைச்சிரு” என்று அவன் கையிலே கொடுத்திருக்கிறார்.