ஷோரூமைத் தாண்டிப் பட்டறைக்குப் போங்கள்

புதிதாக டிராக்டர் எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது, "எந்தக் கம்பெனி வண்டி நல்ல வண்டி?" திருவாரூர்ப் பக்கத்துக் களிமண்ணில் சேடை (நடவுக்கு முன் சேறடிக்கும் உழவு) ஓட்டியும் வண்டி பிரித்தும் பழகியவன் நான். மகிந்திரா, ஸ்வராஜ், மாஸி, குபோட்டா எல்லாமே உழும். உங்கள் மண் எது, பின்னால் மாட்டப்போகும் கருவி எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது எஞ்சின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுழற்றுவது பி.டி.ஓ. எச்.பி.; அது எப்போதும் சற்றுக் குறைவு. மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள டிராக்டர் சோதனை மையத்தின் அறிக்கையில் அந்த அளவு இருக்கும், டீலரிடம் கேட்டு வாங்குங்கள். ஐந்தடி ரோட்டவேட்டருக்கு 35 முதல் 40 எச்.பி. வண்டி தாங்கும். தேவைக்கு மேல் கனமான வண்டி எடுத்தால் சேற்றில் புதையும், டீசலும் குடிக்கும்.

அடுத்தது டீலர். ஷோரூமில் உட்காராமல் நேரே பட்டறைக்குப் போங்கள். கிளட்ச் பிளேட், டீசல் பில்டர், முன் ஆக்ஸில் சீல் ராக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வயலில் இறங்கும்; அப்போது பழுதானால் சாமானுக்குக் காத்திருக்க முடியாது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் விலை குறைவென்று தொலைதூர டீலரிடம் எடுத்தார். குறுவை நேரத்தில் ஹைட்ராலிக் தூக்கவில்லை. சாமான் வருவதற்குள் நாற்று முற்றிப்போனது.

பட்டறையில் வேலை செய்கிற கையைக் கவனியுங்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, எஞ்சின் மிஸ் அடித்தால் உடனே பிரிக்க மாட்டார். ஸ்லோவில் ஓடவிட்டு, இன்ஜெக்டர் பைப் நட்டை ஸ்பேனரால் ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும் என்று எங்கள் கையைத் தட்டிவிடுவார். அப்படிப் பொறுமையாகக் காது கொடுக்கிற ஒரு ஆள் இருக்கும் பட்டறை, பத்து ஏசி ஷோரூமுக்குச் சமம்.

டெலிவரி அன்றைக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் இருக்கும் ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சேடைக்கு இறங்கும் முன் அதில் பிளக் போட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். போடாவிட்டால் சேற்றுத் தண்ணீர் கிளட்சுக்குள் போகும். கழற்றாவிட்டால் உள்ளே கசிந்த எண்ணெய் வெளியேற வழியில்லாமல் பிளேட் வழுக்கும். இதைச் சொல்லித்தராத டீலர் வண்டியை விற்கிறவர் மட்டும்தான்.

இரண்டு மூன்று ஏக்கர் சொந்த உழவுக்கு மட்டும் என்றால் கடன் வாங்க வேண்டாம். வேளாண் பொறியியல் துறையில் மணிக்கணக்கு வாடகைக்கே டிராக்டர் கிடைக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், போன குறுவைக்கு ஓட்டியவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வண்டி வயலில் நின்றபோது போன் போட்டால் மெக்கானிக் அன்றைக்கே வந்தாரா? அந்தப் பதிலைப் பார்த்து வண்டி எடுங்கள், பெயின்ட்டைப் பார்த்து எடுக்காதீர்கள்.